திருமலை நம்பிய திருமகள்: குந்தவைப் பிராட்டியார்

ஜவ்வாது மலைத்தொடரின் கிழக்கே, போளூருக்கும் ஆரணிக்கும் இடையில், வடமாதிமங்கலத்தை அடுத்து அமைந்துள்ளது திருமலை. பாறையிலேயே செதுக்கப்பெற்று, 16 அடிக்கும் மேலாக உயர்ந்து, நின்ற கோலத்தில் காட்சி தரும் நேமிநாத தீர்த்தங்கரரைச் சிகாமணிநாதர் என்று போற்றி வணங்காத தமிழ்ச் சமணக் குடும்பம் இராது. மலையடியில் ஜினாலயங்கள், பாறையை ஒட்டிய குகை அறைகளில் பழைய ஓவியங்கள், உச்சியில் முனிவர்களின் திருவடிச் சுவடுகள் என, ஏறும் படிதோறும் வரலாறு நம்மை எதிர்கொள்ளும் தலம் இது.

இத்தலத்தின் பழம்பெயர் வைகாவூர். சயங்கொண்ட சோழ மண்டலத்துப் பங்கள நாட்டில் முகை நாட்டைச் சேர்ந்த பள்ளிச்சந்தமாகிய வைகாவூர் என்று கல்வெட்டு இதனைக் குறிக்கிறது. இங்குள்ள அருகன் ஆலயத்திற்கு அக்கல்வெட்டு வழங்கும் பெயர் குந்தவை ஜினாலயம் என்பது. சைவ மரபில் தோன்றி, தஞ்சைப் பெருங்கோயிலுக்குப் பொன்னும் மணியும் வழங்கிய அரசகுலப் பெண்மணி ஒருவரின் பெயரை, ஜினபெருமானின் இல்லம் ஆயிரம் ஆண்டுகளாகத் தாங்கி நிற்கிறது. அப்பெயர் பூண்ட மகளிர் சோழர் குலத்தில் வேறு சிலரும் இருந்தனர் எனினும், இதற்குரியவர் முதலாம் இராசராசரின் தமக்கையாரே என்பது அறிஞர் பலரின் முடிபு.

குந்தவை என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது, 1950இல் தொடங்கிக் கல்கி இதழில் தொடராக வெளிவந்த பொன்னியின் செல்வன் புதினத்தின் இளையபிராட்டி. அறிவும் அழகும் சூழ்ச்சித் திறனும் மிக்க அக்கதைத் தலைவியை யாவரும் விரும்புவர். ஆயினும் கல்வெட்டுகள் காட்டும் குந்தவையார் கதையில் வரும் குந்தவையினும் அமைதியானவர். படை நடத்தாமலும் அரியணையில் அமராமலும் அவர் நாடு முழுவதும் நம்பத்தக்கவராக விளங்கினார். அந்த நம்பிக்கையை அவர் எவ்வாறு ஈட்டினார் என்று அறிவது, ஆலயங்களையும் அறக்கட்டளைகளையும் பேணிவரும் நம் சமூகத்திற்கு இன்றியமையாதது.

பிறப்பும் குடியும்

குந்தவையார் இரண்டாம் பராந்தகர் எனப்படும் சுந்தர சோழருக்கும் வானவன்மாதேவியாருக்கும் மகளாகப் பிறந்தவர். தாயார் திருக்கோவலூர் மலையமான் குடியைச் சேர்ந்தவர். உடன்பிறந்தோர் இருவர்: ஆதித்த கரிகாலர், பின்னாளில் இராசராசர் என்று புகழ்பெற்ற அருள்மொழிவர்மர். குந்தவையார் மணந்தது வல்லவரையர் வந்தியதேவரை. தஞ்சைக் கல்வெட்டுகள் அவரை ஆழ்வார் பராந்தகன் குந்தவையார் என்றும், வல்லவரையர் வந்தியதேவரின் தேவியார் என்றும் மதிப்போடு குறிக்கின்றன.

அரண்மனையில் அவர் கண்முன் ஒரு நல்ல முன்மாதிரி இருந்தது. கண்டராதித்தரின் தேவியாராகிய செம்பியன்மாதேவியார் இளமையிலேயே கணவரை இழந்தவர். தம் நீண்ட வாழ்நாள் முழுவதையும் கோயில் திருப்பணிக்கே ஒப்படைத்தவர். செங்கல் தளிகள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றியவர். பழைய கோயிலை இடித்துக் கட்டும்போது அங்கிருந்த முந்தைய அறங்களின் கல்வெட்டுகளைப் படியெடுத்து மீண்டும் பொறிக்கச் செய்த பெருமையும் அவருக்கு உண்டு. தமக்கு முன் அறம் செய்தவரின் பெயரை அழியவிடாமல் காப்பதும் அறமே என்னும் பாடத்தைக் குந்தவையார் அக்குடும்பத்திலேயே கண்டிருப்பார்.

நம்பிக்கை முறிந்த காலம்

நம்பிக்கையின் மதிப்பை அது முறிந்த இடத்தில் நின்று உணர்ந்தவர் குந்தவையார். பட்டத்திற்குரிய இளவரசராக விளங்கிய ஆதித்த கரிகாலர் வஞ்சகத்தால் கொல்லப்பட்டார். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில், இராசராசரின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு, அக்கொலையில் தொடர்புடைய சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரின் பெயர்களை வெளிப்படையாகச் சொல்கிறது. அவர்தம் உறவினரின் நிலங்களும் பறிமுதல் செய்யப்பட்டதைக் கூறுகிறது. இவர்களுள் இருவர் பிரமாதிராசன் என்னும் உயர் பட்டம் தாங்கியவர்கள். எங்கோ இருந்த பகைவனால் நேர்ந்த இழப்பன்று அது. அரசின் மதிப்பைப் பெற்று உள்ளேயே இருந்தவர்கள் இழைத்த வஞ்சம்.

அதே காலப்பகுதியில் தந்தையாரும் காஞ்சிப் பொன்மாளிகையில் உயிர் நீத்தார். தாயார் வானவன்மாதேவியார், பால்குடி மாறாத மகவையும் விட்டுக் கணவரோடு உயிர் துறந்ததைத் திருக்கோவலூர்க் கல்வெட்டு உருக்கத்துடன் பதிவு செய்துள்ளது. சில ஆண்டு இடைவெளியில் தந்தை, தாய், உடன்பிறந்தவர் ஆகிய மூவரையும் இழந்தார் குந்தவையார்.

அரியணை சிறிய தந்தை முறையினரான உத்தம சோழரிடம் சென்றது. அருள்மொழிவர்மர் அதற்காகப் போரிடவில்லை. சிற்றப்பனார் நாட்டை ஆள விரும்பும் வரையில் தாம் அதனை மனத்தாலும் நாடுவதில்லை என்று அவர் விலகி நின்றதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. ஏறத்தாழ 15 ஆண்டுகள் கடந்து, 985இல் அவர் முடிசூடினார். சினத்தாலும் அவாவாலும் ஒரு குலம் தன்னைத்தானே அழித்துக்கொள்ள எல்லாக் காரணமும் இருந்த வேளையில், பொறுமை அக்குலத்தைக் காத்தது. குரோதத்தையும் லோபத்தையும் கஷாயங்கள் என்று கற்ற நமக்கு இதன் அருமை நன்கு விளங்கும்.

தம்பியின் அக்கன்

இராசராசர் தம் தமக்கையார் மீது வைத்திருந்த மதிப்பை அளக்கத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்றே போதும். 26ஆம் ஆட்சியாண்டில், கோயிலுக்கு அளிக்கப்பட்ட கொடைகளைக் கல்லில் வெட்டுமாறு அவர் ஆணையிட்டார். அவ்வாணையில் முதலில் தாம் கொடுத்தவற்றையும், அடுத்து அக்கன் கொடுத்தவற்றையும், அதன்பின் தம் தேவிமார் கொடுத்தவற்றையும், பிறகு மற்றையோர் கொடுத்தவற்றையும் குறித்தார். பேரரசரின் கொடைக்கு அடுத்த இடம் அக்கனுக்கு. தம் மகளுக்கும் அவர் குந்தவை என்றே பெயரிட்டார். அம்மகளார் வேங்கி நாட்டு விமலாதித்தரை மணந்து, அப்பெயரைக் கிருட்டிணை, கோதாவரி ஆறுகளின் கரைக்கும் கொண்டு சென்றார்.

இத்தகைய செல்வாக்கைப் பெற்ற ஒருவர் அதனைப் பயன்படுத்தும் விதம்தான் அவரை நமக்கு அடையாளம் காட்டும். குந்தவையார் தஞ்சைக் கோயிலுக்கு வழங்கிய பொன் ஏறத்தாழ 10,000 கழஞ்சு என வரலாற்றாசிரியர் கணக்கிடுவர். உமாபரமேசுவரியின் திருமேனிகளையும், தம் தந்தையார், தாயார் திருவுருவங்களையும் அங்கு எழுந்தருளச் செய்து, அவற்றின் வழிபாட்டிற்கும் வழி வகுத்தார். தந்தையார் பெயரால் தஞ்சையில் விளங்கிய சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனையில் மருத்துவரின் வாழ்வூதியத்திற்காக நிலம் அளித்தார். நம் ஆகமம் போற்றும் நால்வகைத் தானங்களுள் ஔடத தானம் ஒன்று. அதன் இலக்கணத்திற்கு முற்றும் பொருந்துவது இச்செயல். நோயுற்றவருக்கு ஒரு நாள் மருந்து தருவதோடு நில்லாமல், மருத்துவர் தலைமுறை தலைமுறையாக அங்கேயே தங்கி வாழ வழி செய்வது அல்லவா முழுமையான தானம்!

நிறைகல்லும் முதலீடும்

குந்தவையார் வாழ்ந்த காலத்துக் கொடைமுறையில் இரண்டு கூறுகளை ஊன்றி நோக்க வேண்டும்.

முதலாவது, அளவின் நேர்மை. தஞ்சைக் கோயிலின் அணிகலன் பட்டியல்களைப் படிப்போர் வியப்படைவர். பொன்னை நிறுத்தது ஆடவல்லான் என்னும் பெயருடைய நிறைகல்லால். மணிகளை நிறுத்தது தட்சிணமேரு விடங்கன் என்னும் நிறைகல்லால். ஒவ்வொரு நகையிலும் பொன் எவ்வளவு, உள்ளே இட்ட அரக்கு எவ்வளவு, கோத்த முத்துகள் எத்தனை என்பன தனித்தனியே எழுதப்பட்டுள்ளன. மணியில் பிளவோ புள்ளியோ குழியோ இருப்பின் அக்குறையும் மறைக்காமல் குறிக்கப்பட்டுள்ளது. அரச குடும்பத்தாரின் கொடையாயிற்றே, குறையைச் சொல்லலாமா என்று எவரும் தயங்கவில்லை. கொடுத்தவர் எத்துணைப் பெரியவராயினும், கொடுத்த பொருள் நிறைகல்லின் முன் நின்றே ஆகவேண்டும். அக்கனின் கொடையும் இதற்கு விலக்காகவில்லை.

இரண்டாவது, முதலீட்டு முறை. குந்தவையார் தாம் எழுந்தருளுவித்த திருமேனிகளின் வழிபாட்டிற்காகக் காசுகளைக் கோயிலிடம் குவித்து வைக்கவில்லை. ஊர்ச் சபையாரிடம் முதலாக ஒப்படைத்தார். சபையார் அம்முதலை ஏற்று, ஆண்டுதோறும் வட்டியாக நெல்லையோ காசையோ கோயிற் பண்டாரத்தில் அளக்க வேண்டும். தஞ்சைக் கோயிலின் முதலீடுகள் பலவற்றில் காசு ஒன்றுக்கு ஆண்டிற்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. எந்த ஊர் எவ்வளவு பெற்றது, எவ்வளவு அளக்க வேண்டும் என்பதெல்லாம் கல்லில் ஏறின.

இம்முறையின் நுட்பத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். முதல் ஊரிலேயே தங்கி உழவுக்கும் நீர்நிலைக்கும் பயன்படும், வட்டி கோயிலுக்குப் போகும், விளக்கு அணையாது. ஆனால் இது நடைபெறுவதற்கு ஒருவரை ஒருவர் நம்ப வேண்டும். கொடையாளர் தொலைவில் உள்ள ஊராரை நம்பித் தம் காசைக் கையளிக்கிறார். ஊரார், இம்முதல் பிற்காலத்தில் அரசாணையால் திடீரெனத் திரும்பப் பெறப்படாது என்று நம்பி அதனை ஏற்கின்றனர். கல்வெட்டு இருவரையும் பிணைக்கிறது. ஏழை உழவனும் படித்தறிந்தோர் வாயிலாகக் கேட்டறிந்து உரிமை கோரலாம். இளவரசியும் தாம் எழுதியதை மாற்ற இயலாது. தம்மையும் கட்டுப்படுத்தும் ஓர் ஒழுங்குக்குள் தாமே உவந்து நின்றதே குந்தவையாரின் செல்வாக்கிற்கு அடித்தளம் எனலாம்.

தொண்டை நாட்டின் காயம்

இனித் திருமலைப் பக்கம் வருவோம். ஜவ்வாது மலையைச் சூழ்ந்த இந்நிலப்பகுதி குந்தவையார் காலத்தில் சோழர்க்கு எளிதில் வாய்த்ததன்று. 949இல் தக்கோலப் போரில், குந்தவையாரின் பாட்டனார் அரிஞ்சயருக்குத் தமையனாகிய இராசாதித்தர் களத்தில் வீழ்ந்தார். இராட்டிரகூட மன்னர் மூன்றாம் கிருட்டிணர் தொண்டை நாட்டைக் கைக்கொண்டார். கச்சியும் தஞ்சையும் கொண்டவர் என்று அவரைப் போற்றும் 19ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அதாவது 958ஆம் ஆண்டளவினது, திருமலையிலேயே உள்ளது. கங்கமாதேவியின் பணியாளர் ஒருவர் வைகாவூர்த் திருமலையின் யட்சருக்கு விளக்கு ஏற்ற வழிசெய்ததை அது சொல்கிறது.

பின்னர்ச் சுந்தர சோழர் காலத்தில் சோழர் இந்நாட்டை மீட்டனர். ஆட்சி மாறியது, ஆனால் மக்கள் அவர்களே. சமணப் பள்ளிகளையும் முனிவர்களையும் பெரிதும் ஆதரித்த இராட்டிரகூடர், கங்கர் ஆகியோரின் நிழலில் ஒரு தலைமுறை வாழ்ந்துவிட்டது. புதிதாக வந்த சோழர், பழைய அரசர் அளித்த விளக்கை அணைத்துவிடுவரோ, பள்ளிச்சந்த நிலங்களைத் தொடுவரோ என்னும் ஐயம் இவ்வூர்ச் சிராவகர் உள்ளத்தில் எழுந்திருப்பின் அதில் வியப்பில்லை.

அவ்வையம் வெறும் கற்பனையன்று என்பதற்கு அண்டை நிலத்திலேயே ஒரு சான்று உண்டு. ஆற்காட்டை அடுத்த விளாப்பாக்கத்திற்கு அருகில் உள்ள பஞ்சபாண்டவர் மலை, பழைய திருப்பான்மலை. அங்குள்ள சமணப் பள்ளிக்குரிய கூரகன்பாடி என்னும் பள்ளிச்சந்தத்தின் வருவாயிலிருந்து கற்பூர விலை என்றும், முறையற்ற வேறு இறை என்றும் பணம் பெறப்பட்டு வந்தது. பள்ளியின் அறம் அதனால் குன்றியது. இராசராசரின் 8ஆம் ஆட்சியாண்டில், அப்பகுதித் தலைவராகிய இலாட அரசர் வீரசோழர் தம் தேவியாருடன் அங்கு வழிபட வந்தபோது, தேவியார் இதனை எடுத்துரைத்து வேண்டினார். வீரசோழர் அவ்விறைகளை விலக்கிப் பள்ளிச்சந்தத்தைக் காத்தார். பேரரசரின் பெயர் மெய்க்கீர்த்தியில் முழங்கினாலும், மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றின் நெல் உரிய இடத்தில் சேருவதற்கு நெஞ்சில் ஈரமுள்ள ஒருவரின் சொல் தேவைப்பட்டது.

மூன்று ஆலயங்கள்

திண்டிவனத்தை அடுத்த தாதாபுரம், சோழர் காலத்தில் இராசராசபுரம் என வழங்கியது. அவ்வூரில் குந்தவையார் மூன்று ஆலயங்களை எழுப்பினார். சிவபெருமானுக்கு இரவிகுலமாணிக்க ஈசுவரம், திருமாலுக்குக் குந்தவை விண்ணகர், அருகப்பெருமானுக்குக் குந்தவை ஜினாலயம். 1006ஆம் ஆண்டளவில் அவற்றிற்கு அணிகலன்களும் பொன் வெள்ளிக் கலங்களும் வழங்கியதை அவ்வூர்க் கல்வெட்டுகள் பட்டியலிடுகின்றன.

தம் பெயரை அவர் எங்கெங்கு இட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். தாம் பிறந்த சமயத்திற்குரிய சிவாலயத்திற்குக் குலப்பெயர். திருமால் கோயிலுக்கும் ஜினாலயத்திற்கும் தம் சொந்தப் பெயர். ஒருவர் ஓர் ஆலயத்திற்குத் தம் பெயரைத் தருவதென்றால், அதன் வாழ்வும் தாழ்வும் தம்மைச் சேரும் என்று ஒப்புக்கொள்வதாகும். ஜினாலயத்தின் விளக்கு அணைந்தால் குந்தவையின் பெயர் மங்கும். இதனைவிடப் பெரிய பிணை ஒன்றை அரச குலத்தார் ஒருவர் தர இயலுமா?

அவர் சமணம் தழுவினார் என்று சொல்வதற்குச் சான்றில்லை. அவ்வாறு உரிமை கொண்டாடவும் நமக்குத் தேவையில்லை. தம் நெறியில் வழுவாமல் நின்றே பிறர் நெறியைப் பேணினார் என்பதுதான் அவருடைய சிறப்பு. யாரையும் மாற்ற முயலாதவரிடம் யாரும் அஞ்சாமல் நெருங்கலாம். பொருளுக்குப் பல கோணங்கள் உண்டு என்னும் அநேகாந்தத்தை நாம் நூலில் கற்கிறோம். அவர் அதனை ஊரில் கட்டிக் காட்டினார். அதே ஆண்டளவில் இராசராசர் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினார். தமக்கையும் தம்பியும் ஒரே பண்பில் ஒன்றி நின்றமைக்கு இது சான்று.

வைகாவூரில் நீரும் விளக்கும்

குந்தவையாரின் ஜினாலயம் எழுந்த திருமலையில் அதே தலைமுறையில் நிகழ்ந்த மற்றொரு நற்செயலும் கல்வெட்டில் உள்ளது. இராசராசரின் 21ஆம் ஆட்சியாண்டில் குணவீர மாமுனிவர், கணிசேகர மருபொற்சூரியன் என்னும் பெயரால் ஒரு கலிங்கு அமைத்தார். ஏரியில் நீர் மிகும்போது கரை உடையாமல் மிகை நீரை வெளியேற்றுவது கலிங்கு. அது பழுதுபட்டால் ஒரே இரவில் கரை போகும். கரை போனால் அந்த ஆண்டின் நெல் போகும். யாவும் துறந்த முனிவர் ஊராரின் வயலைக் காக்கும் பணியில் ஈடுபட்டார். அரசமகளார் முனிவரின் ஆலயத்தைப் பேணினார்; முனிவர் உழவரின் ஏரியைப் பேணினார்; உழவர் பள்ளிச்சந்த நிலத்தை உழுது இருவர் அறத்தையும் பேணினர். நம்பிக்கை என்பது இவ்வாறு கைமாறிக் கைமாறி வளர்ந்தது.

குந்தவையார் இராசேந்திரர் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளிலும் வாழ்ந்திருந்தார். பழையாறை அரண்மனையில் இராசேந்திரரின் இளமையை உருவாக்கியதில் அவருக்கும் செம்பியன்மாதேவியாருக்கும் பங்குண்டு என வரலாற்றாசிரியர் கருதுவர். ஒருவரின் செல்வாக்கு அவர் உடனிருக்கும் நாளில் தெரிவதினும், அவர் இல்லாத இடத்திலும் காலத்திலும் தெரிவதே உறுதியானது. திருமலைக் கல்வெட்டு அதனை நமக்குக் காட்டுகிறது.

வணிகர் மனைவியின் முப்பது காசு

இராசேந்திரரின் 13ஆம் ஆட்சியாண்டு, ஏறத்தாழ 1025. சோழர் படை கங்கைக் கரை வரை சென்று மீண்டிருந்த காலம். அவ்வெற்றிகளை வரிசைப்படுத்தும் நீண்ட மெய்க்கீர்த்தி திருமலைப் பாறையில் பொறிக்கப்பட்டுள்ளது. இராசேந்திரரின் வடபுலப் படையெடுப்பை ஆராய்வோர் இன்றும் முதன்மைச் சான்றாகக் கொள்வது இக்கல்வெட்டையே.

ஆனால் அக்கல்வெட்டு வெட்டப்பட்டது வெற்றியைச் சொல்வதற்காக அன்று. எத்தனையோ நாடுகளின் பெயர்களைச் சொல்லி முடித்தபின் அது தன் செய்திக்கு வருகிறது. பெரும்பாணப்பாடிக் கரைவழி மல்லியூரைச் சேர்ந்த நன்னப்பயன் என்னும் வணிகரின் மனைவி சாமுண்டப்பை, திருமலையில் குந்தவை ஜினாலயத்துப் பெருமானுக்கு நந்தா விளக்கு ஒன்றிற்கு 20 காசும், திருவமுதிற்கு 10 காசும் கொடுத்தார். இதுவே செய்தி.

மல்லியூரில் வாழ்ந்த அந்த அம்மையார் அரண்மனையைச் சேர்ந்தவர் அல்லர். முப்பது காசு அவர் குடும்பத்தின் உழைப்பில் சேர்ந்தது. அதனை இந்த ஜினாலயத்தில் ஒப்படைத்தால் தாம் மறைந்த பின்னும் விளக்கு எரியும் என்று அவர் நம்பினார். தஞ்சையின் வட்டி வீதத்தைக் கொண்டு பார்த்தால் 20 காசு ஆண்டிற்கு இரண்டரைக் காசு தரும். அச்சிறு தொகை ஆண்டுதோறும் நெய்யாகித் திரியில் ஏறும் என்னும் உறுதியை அவருக்குத் தந்தது எது? ஜினபெருமான் மீதுள்ள பக்தி முதற்காரணம். அவ்வாலயத்தின் பெயரிலேயே ஒரு வாக்குறுதி இருந்தது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். குந்தவை என்ற பெயர் நின்ற இடத்தில் கணக்கு பிழைக்காது என்று நாடறிந்திருந்தது.

நம் ஆகமம் நற்காட்சிக்கு எட்டு உறுப்புகளைச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று அறநெறியினர்பால் கொள்ளும் வாத்சல்யம். மற்றொன்று அறத்தின் பெருமையைப் பிறர் உணர விளங்கச் செய்யும் பிரபாவனை. சாமுண்டப்பையின் விளக்கில் இவ்விரண்டும் சேர்ந்து சுடர்ந்தன. வென்ற நாடுகள் யாவும் சோழர் கையை விட்டு என்றோ போயின. அவ்வெற்றிப் பட்டியலை நமக்குக் காத்துத் தந்தது ஒரு சிராவகியின் நெய் விளக்கு. அகிம்சையை உயிராகக் கொண்ட நம் சமூகம் இதனை நினைந்து நிறைவு கொள்ளலாம்.

மலையைத் தேடி வந்தோர்

குந்தவையாருக்குப் பின்னரும் திருமலையைத் தேடி மக்கள் வந்துகொண்டே இருந்தனர். ஜவ்வாது மலைக்கு அப்பால் தகடூரை ஆண்ட அதிகைமான் விடுகாதழகிய பெருமாள், தம் முன்னோராகிய சேர மரபினர் எழினி என்பவர் செய்துவைத்த யட்சர், யட்சி உருவங்களைப் புதுப்பித்தார். சம்புவராய மன்னர் இராசநாராயணரின் 12ஆம் ஆட்சியாண்டில், பொன்னூர் மண்ணைப் பொன்னாண்டையின் மகள் நல்லாத்தாள், வைகைத் திருமலையில் விகார நாயனார் பொன்னெயில் நாதரை எழுந்தருளச் செய்தார். குந்தவையார், சாமுண்டப்பை, நல்லாத்தாள் என்று அரசமகள் ஒருவரும் வணிகர் மனைவி ஒருவரும் ஊர்ப்பெண் ஒருவரும் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஒரே மலையில் தம் நம்பிக்கையை வைத்தனர்.

இங்கு நெஞ்சை உறுத்தும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தாதாபுரத்தில் குந்தவையார் எழுப்பிய சிவாலயமும் திருமால் கோயிலும் இன்றும் உள்ளன, ஜினாலயத்தைக் காணோம். ஒரே கையால், ஒரே அன்போடு எழுப்பப்பெற்றவை அம்மூன்றும். பெயரும் பொன்னும் அரச ஆதரவும் சமமாகவே இருந்தன. திருமலையில் நின்றது தாதாபுரத்தில் நிற்கவில்லை. கொடுத்தவரின் பெருமை மட்டும் ஓர் ஆலயத்தைக் காத்துவிடாது. அதனைச் சுற்றி வாழ்ந்து, நாள்தோறும் படியேறி, விளக்கிட்டு, கணக்கு எழுதி, அடுத்த தலைமுறையைக் கைப்பிடித்து அழைத்துவரும் மக்கள் வேண்டும். திருமலைக்கு அத்தகையோர் இருந்தனர். இன்று அரஹந்தகிரி ஜைன மடம் அங்கு இயங்கி வருவதும், நம் குடும்பங்கள் தொலைவிலிருந்து வந்து வணங்குவதும் அத்தொடர்ச்சியின் பகுதியே.

நமக்கு உரிய பாடம்

நம் குடும்பங்களுள் பல இன்று ஊரைவிட்டுச் சென்னை, பெங்களூரு முதலிய நகரங்களிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்கின்றன. பிறந்த ஊர் ஜினாலயத்தின் நித்திய பூசைக்கென்று அவர்கள் அனுப்பும் தொகை, சாமுண்டப்பை அளித்த முப்பது காசைப் போன்றது. அனுப்புவோர் நேரில் வந்து பார்க்க இயலாதவர்கள். அதனைப் பெற்றுக்கொள்வோரின் பொறுப்பு அதனாலேயே பெரிதாகிறது.

குந்தவையாரின் வாழ்வு காட்டும் வழி எளியது. பெற்றதைப் பெற்றபடி எழுதுதல். மணியில் குறை இருப்பின் அதனையும் எழுதுதல். முதலைக் கரைக்காமல் அதன் பயனைக் கொண்டு அறம் நடத்துதல். முன்னோர் செய்த அறத்தின் பெயரை மறைக்காது காத்தல். அண்டை வீட்டாரின் வழிபாட்டையும் தம்முடையதைப் போல மதித்தல். இவற்றுள் எதற்கும் அரச குலத்தில் பிறந்திருக்க வேண்டியதில்லை. ஊர்ப் பொதுக் கணக்கைத் தெளிவாகப் படித்துக் காட்டும் ஒரு தருமகர்த்தாவிடமும், சொன்ன நாளில் சொன்னபடி நெய் வார்க்கும் ஓர் இல்லத்தரசியிடமும் இப்பண்பு குடிகொள்ளும்.

பிறரைத் தம் சொற்படி நடக்கச் செய்வதையே செல்வாக்கு என்று உலகம் பெரும்பாலும் எண்ணுகிறது. குந்தவையார் தாம் சொன்ன சொற்படி தாமே நடந்து காட்டினார். நாடு அவரைப் பின்தொடர்ந்தது. அரண்மனைக்குள் நம்பிக்கை கொலையுண்டதைக் கண்ட அவர், அதனை ஊர் ஊராக, கோயில் கோயிலாக, காசு காசாக மீண்டும் கட்டி எழுப்பினார். அக்கட்டடத்தின் ஒரு தூண் நம் திருமலையில் நிற்கிறது.

இத்திருவிழா நாளில் சிகாமணிநாதர் திருமுன் விளக்கேற்றும் அன்பர்கள் ஒவ்வொருவரும், ஏற்றிய விளக்கை நாளையும் எரியச் செய்வோம் என்னும் உறுதியையும் ஏற்பார்களாக. அருகப்பெருமான் திருவருளால் அறம் ஓங்குக. திருமலைச் சுடர் நின்று ஒளிர்க.